முதல் சித்திரக்கதை ஏன் நான்காம் பக்கத்தில் நிற்கிறது?

பள்ளிக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில் வரைந்து பழகிய இளையர் பலருக்கு, என்றாவது ஒருநாள் சொந்தமாக ஒரு சித்திரக்கதை வெளியிட வேண்டும் என்ற ஆசை இருக்கும். நல்ல கைத்திறன் இருந்தும் அந்த ஆசை மூன்றாம் பக்கத்திலோ நான்காம் பக்கத்திலோ நின்றுவிடுவது வழக்கம். வரையத் தெரியாததால் நிற்பது குறைவு. வரைய உட்காரும் முன் செய்திருக்க வேண்டிய வேலைகள் விடுபட்டதால் நிற்பதே அதிகம்.

அவற்றுள் முதலாவது, கதையின் அளவைக் கணக்கிடுவது. புதியவர்கள் பெரும்பாலும் பெரிய காவியத்தோடுதான் தொடங்குகிறார்கள். ஏழு அரசுகள், இருபது கதாபாத்திரங்கள், ஆறு பாகங்கள். ஒரு பக்கத்தைப் பென்சிலில் போட்டு, மையிட்டு, வசனம் எழுதி முடிக்க ஒரு வார இறுதி முழுவதும் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 200 பக்கக் கதை என்றால் கிட்டத்தட்ட நான்கு ஆண்டுகள். உயர்நிலைப் பள்ளியில் தொடங்கியவர் தேசிய சேவைக்குப் போகும் வயதிலும் அதே கதையை வரைந்துகொண்டிருப்பார். அதற்குள் அவருடைய ஓவியப் பாணியும் ரசனையும் மாறி, முதல் பக்கங்களைப் பார்க்கவே பிடிக்காமல் போயிருக்கும்.

இந்த வட்டாரத்தின் பெயர் பெற்ற கலைஞர்கள் யாரும் பெரிய நூலோடு தொடங்கியவர்கள் அல்லர். பேராக்கில் பிறந்த லாட், 13 வயதில் 1964ஆம் ஆண்டு தம் முதல் சித்திரக்கதையை வெளியிட்டார். அதற்குக் கிடைத்த தொகை 25 வெள்ளி. 1968 முதல் ‘பெரித்தா மிங்கு’ ஞாயிறு நாளிதழில் ‘கெலுவார்கா சி மாமாட்’ என்ற தொடரை வரைந்தார். உலகம் முழுவதும் அறியப்பட்ட ‘கம்போங் பாய்’ வந்தது 1979இல். சிரம்பானில் பிறந்து சிங்கப்பூரில் வாழும் சன்னி லியூ, 1995இல் ‘தி நியூ பேப்பர்’ நாளிதழில் சின்னஞ்சிறு துணுக்குச் சித்திரங்களோடு தொடங்கினார். அவருடைய ‘தி ஆர்ட் ஆஃப் சார்லி சான் ஹோக் சாய்’ 2015இல் வெளிவந்து, 2017இல் மூன்று ஐஸ்னர் விருதுகளைப் பெற்றது. இடையில் கழிந்தவை இருபது ஆண்டுகளுக்கு மேல்.

எட்டுப் பக்கம் போதும். ஒரு ஏ4 தாளை மூன்று முறை மடித்து, நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் அட்டையோடு சேர்த்து எட்டுப் பக்கச் சிறு நூல் கிடைத்துவிடும். அமெரிக்கக் கலைஞர் ஸ்காட் மெக்லவுட் 1990இல் தொடங்கி வைத்த, 24 மணி நேரத்தில் 24 பக்கம் வரையும் சவாலும் இதே எண்ணத்தில் பிறந்ததுதான். ஒரு கதையை முடித்துப் பார்ப்பதே அதன் நோக்கம்.

சரி, எட்டுப் பக்கத்துக்கு என்ன கதை? எடுத்துக்காட்டுக்கு ஒன்று: வீவக புளோக் ஒன்றில் மின்தூக்கி பழுதாகிவிட்டது. பன்னிரண்டாம் மாடியில் இருக்கும் பேரனுக்கு டிபன் கேரியரில் மீன் குழம்பு கொண்டுவரும் பாட்டி, படியேறித்தான் ஆக வேண்டும். அவ்வளவுதான். கதாபாத்திரங்கள் இருவர், இடம் ஒன்று, தடை ஒன்று.

இங்கே அடுத்த தவறு நேர்கிறது. முதல் கட்டத்தின் மேல், “மின்தூக்கி பழுதாகிவிட்டதால் பாட்டி மிகவும் வருந்தினார்” என்று ஒரு வரி எழுதப்படும். கீழே மின்தூக்கிக் கதவில் அறிவிப்புத் தாளும் பாட்டியின் வாடிய முகமும். அதற்கும் கீழே, “ஐயோ, மின்தூக்கி பழுதாகிவிட்டதே!” என்று பாட்டியின் வசனம். ஒரே செய்தியை வாசகர் மூன்று முறை படிக்கிறார். படம் சொல்லிவிட்டதை எழுத்து சொல்லத் தேவையில்லை. பாட்டி அறிவிப்பைப் பார்த்துவிட்டு, “மீன் ஆறிடுமே” என்று மட்டும் சொன்னால் அது புதுச் செய்தி. அவருக்குத் தம் முழங்காலைவிடக் குழம்புதான் கவலை என்பது அந்த இரண்டு சொற்களில் தெரிந்துவிடுகிறது.

இரண்டு கட்டங்களுக்கு நடுவே உள்ள வெள்ளை இடைவெளியையும் புதியவர்கள் நம்புவதில்லை. முதல் மாடி, இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி என்று ஒவ்வொன்றாக வரைவார்கள். அது அசைபடத்துக்கு ஏற்ற வழி. சித்திரக்கதையில், ஒரு கட்டத்தில் பாட்டி முதல் படியில் கால் வைக்கட்டும். அடுத்த கட்டத்தில் சுவரில் ‘9’ என்ற எண், படியில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, பக்கத்தில் கழற்றி வைத்த செருப்பு. நடுவிலுள்ள எட்டு மாடிகளை வாசகரே மனத்தில் ஏறிவிடுவார். மெக்லவுட் 1993இல் வெளியிட்ட ‘அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்’ நூலில் இந்த இடைவெளியைப் பற்றி விரிவாகப் பேசியிருக்கிறார். நூலகத்தில் கிடைத்தால் முதலில் எடுக்க வேண்டிய புத்தகம் அது.

தமிழில் வரைபவர்களுக்கு இவற்றையெல்லாம்விடப் பெரிய சிக்கல் பேச்சுக் குமிழியில் காத்திருக்கிறது. பெரும்பாலோர் படத்தை முழுவதும் வரைந்து முடித்த பிறகே வசனத்துக்கு இடம் தேடுகிறார்கள். ஆங்கிலத்தில் இப்படிச் செய்தாலே தொல்லை. தமிழில் சொற்கள் நீளமானவை. ‘போய்க்கொண்டிருக்கிறேன்’ என்பது ஒரே சொல். அதில் 11 எழுத்துகள். வாய்க்கும் காதுக்கும் நடுவே மிஞ்சிய மூலையில் அது அடங்காது. எழுத்தைச் சுருக்கினால் படிக்க முடியாது. குமிழியைப் பெரிதாக்கினால் வரைந்த முகம் மறையும்.

அமெரிக்க இதழ்களில் ஒரு கட்டத்துக்கு 35 சொற்களுக்கு மேல் கூடாது என்றொரு பழைய வரம்பு இருந்தது. பதிப்பாசிரியர் மோர்ட் வைசிங்கர் வைத்திருந்த அந்தக் கணக்கை எழுத்தாளர் ஆலன் மூர் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆறு கட்டங்கள் கொண்ட பக்கத்துக்கு 210 சொற்கள் என்பது அதன் பொருள். தமிழ்ச் சொற்களின் நீளத்துக்கு ஒரு கட்டத்தில் 20 என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. அதிலும் பாதியாகக் குறைத்தால் பக்கம் இன்னும் நன்றாக மூச்சு விடும்.

ஆகவே வரிசையை மாற்ற வேண்டும். கட்டம் போட்டதும் முதலில் வசனத்தை எழுதி, அதைச் சுற்றிக் குமிழியை வரைந்துவிட்டு, மிஞ்சிய இடத்தில் ஆட்களை நிறுத்துவது நல்லது. முதலில் பேசுபவர் இடப்பக்கம் இருந்தால் குமிழிகளின் வால்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளா. சிவகாசியிலிருந்து 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கிய முத்து காமிக்ஸ் போன்ற இதழ்களுக்கு, ஆங்கில வசனத்துக்காக வரைந்த குமிழிகளுக்குள்ளேயே தமிழை அடக்க வேண்டிய கட்டாயம் இருந்தது. சொந்தக் கதை வரைபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இருந்தும் பலர் அதே நெருக்கடியைத் தாமே வரவழைத்துக்கொள்கிறார்கள்.

கணினியில் எழுத்தமைப்பவர்கள் மேலும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். தமிழில் மேல்விலங்கும் கீழ்விலங்கும் உண்டு என்பதால் வரிகளுக்கு இடையே ஆங்கிலத்தைவிடச் சற்று அதிக இடம் விட வேண்டும். சொல்லை வரி முடிவில் பிளந்தால், சில நேரம் துணைக்கால் மட்டும் அடுத்த வரியின் தொடக்கத்தில் தனியாக நிற்கும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் எழுத்துத் தொகுப்பு அமைப்பைத் தெற்காசிய மொழிகளுக்கு ஏற்றதாக மாற்றாவிட்டால் கொம்பு இடம் மாறி, ‘கொ’ வேறு ஏதோவாகத் தெரியும். தமிழ் தெரியாத நண்பர் வடிவமைப்புக்கு உதவினால், இறுதிக் கோப்பை எழுத்து எழுத்தாகச் சரிபார்ப்பது வரைந்தவரின் பொறுப்பு.

அடுத்து, அந்தக் குமிழிக்குள் எந்தத் தமிழ்? வகுப்பில் கட்டுரை எழுதிப் பழகிய கை, பேரனைப் பார்த்ததும் பாட்டியை, “நீ உணவு உண்டாயா?” என்று கேட்க வைத்துவிடுகிறது. எந்த வீட்டிலும் எந்தப் பாட்டியும் அப்படிக் கேட்டதில்லை. “ஐயா, சாப்பிட்டியா?” என்றால்தான் அவர் உயிர் பெறுவார். பேரனும் “மின்தூக்கி பழுதடைந்துள்ளது” என்று சொல்ல மாட்டான். “லிஃப்ட் ரிப்பேர் லா பாட்டி, கால் பண்ணியிருந்தா நானே கீழ வந்திருப்பேன்ல” என்பான். பசாருக்குப் போவதும் கோப்பிக்கடையில் உட்காருவதும் இந்த ஊர்த் தமிழின் அடையாளங்கள். சென்னைத் திரைப்பட வசனத்தை இரவல் வாங்கி இங்குள்ள அடுக்குமாடி வீட்டுக்குள் வைத்தால் கதை எங்கே நடக்கிறது என்பதே குழம்பிவிடும்.

பேச்சுத் தமிழுக்கு நிலையான எழுத்துக்கூட்டல் இல்லை என்பது உண்மை. ‘பண்றே’, ‘பண்ற’, ‘பண்றெ’ என மூன்றும் புழக்கத்தில் உள்ளன. ஏதாவது ஒன்றைத் தேர்ந்து கடைசிப் பக்கம் வரை அதையே பின்பற்றினால் போதும். ஒரு சிறு பட்டியல் எழுதி மேசையில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம். கதை சொல்லும் விவரிப்பு வரிகள் மட்டும் எழுத்துத் தமிழில் இருந்தால் உறுத்தாது.

இன்னொரு நிலைமையும் உண்டு. பாட்டி தமிழில் கேட்க, பேரன் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் வீடுகள் இங்கு ஏராளம். அதை மறைத்து இருவரையும் சரளமாகத் தமிழ் பேச வைத்தால், அந்தக் குடும்பத்தின் நிஜமான இடைவெளி கதையிலிருந்து காணாமல் போகும். பேரன் ஆங்கிலத்தில் பேசுவதைத் தமிழில் எழுதிவிட்டு, அந்தக் குமிழிகளுக்கு மட்டும் வேறு விளிம்போ வேறு எழுத்துருவோ கொடுப்பது ஒரு வழி. மொழிபெயர்க்கப்பட்ட பேச்சைக் கோண அடைப்புக்குறிக்குள் எழுதும் வழக்கம் ஆங்கில காமிக்ஸிலும் நெடுங்காலமாக உண்டு. கடைசிப் பக்கத்தில் பேரனின் குமிழி பாட்டியின் குமிழியைப் போலவே மாறினால், அது ஒரு சொல் கூட இல்லாமல் எதையோ சொல்லிவிடும்.

ஒலிகளுக்கு வெளியே தேட வேண்டியதே இல்லை. ‘க்ராஷ்’, ‘பூம்’ என்று எழுதுவோர், தடதட, மடமட, சலசல என இலக்கணம் இரட்டைக்கிளவி என்று பெயரிட்டு வைத்திருக்கும் பெருஞ்செல்வத்தை மறந்துவிடுகிறார்கள். டிபன் கேரியர் படியில் உருண்டால் ‘கடகட’. கதவு அறைந்து சாத்தினால் ‘டமார்’.

ஜப்பானிய மங்காவைப் பார்த்து வளர்ந்தவர்கள் சிலர் கட்டங்களை வலமிருந்து இடமாக அடுக்குகிறார்கள். ஜப்பானியப் புத்தகம் அந்தத் திசையில் படிக்கப்படுவதால் அது அங்குப் பொருந்துகிறது. தமிழ் வசனம் இடமிருந்து வலமாக ஓட, கட்டங்கள் மட்டும் எதிர்த்திசையில் ஓடினால் வாசகருக்குத் தலைசுற்றும். பெரிய கண்களையும் வேகக் கோடுகளையும் இரவல் வாங்கலாம், திசையை வேண்டாம்.

பின்னணியை வரையாமல் தப்பிப்பதும் பரவலான பழக்கம். எட்டுப் பக்கமும் வெள்ளைவெளியில் இரண்டு தலைகள் பேசிக்கொண்டே இருக்கும். லாட்டின் ‘கம்போங் பாய்’ நூலைப் புரட்டினால் பல பக்கங்களில் கட்டங்களே இல்லை. ஒரு பெரிய படமும் சில வரிகளும்தான். ஆனால் அந்தப் படத்துக்குள் வீடு, மரம், ஆறு, பொருள்கள் என்று ஒரு கிராமமே இருக்கிறது. எல்லாக் கட்டத்திலும் இவ்வளவு வேண்டியதில்லை. இடம் மாறும்போதெல்லாம் ஒரு முறை முழு இடத்தையும் காட்டிவிட்டால் அடுத்த சில கட்டங்களுக்கு வாசகர் அதை நினைவில் வைத்திருப்பார். புளோக்கின் கீழ்த்தளத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து அஞ்சல் பெட்டிகள், காயப்போட்ட துணிகள், சைக்கிள் பூட்டிய கம்பி ஆகியவற்றை வரைந்து பழகுவது, இணையத்தில் படம் தேடுவதைவிடப் பலன் தரும்.

பாட்டியின் மூக்குத்தி மூன்றாம் பக்கத்தில் இடம் மாறுவதைத் தவிர்க்க, ஒவ்வொரு கதாபாத்திரத்தையும் முன், பக்கம், பின் என மூன்று கோணங்களில் ஒரு தாளில் வரைந்து கண்ணில் படும்படி வைத்துக்கொள்வது ஓவியர்களின் வழக்கம்.

கடைசியாக அச்சு. அச்சிட்ட நூலா, கைப்பேசியில் கீழ்நோக்கி நகர்த்திப் படிக்கும் தொடரா என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டும். நூலில் வியப்பூட்டும் காட்சி, பக்கத்தைப் புரட்டியதும் தெரியும் இடப்பக்கத்தில் வர வேண்டும். வலப்பக்கத்தில் வைத்தால் வாசகரின் கண் முன்கூட்டியே அதைப் பார்த்துவிடும். கைப்பேசியில் புரட்டலே இல்லை. அங்கு நீண்ட வெற்றிடம்தான் அந்த வேலையைச் செய்யும். நூலாக்குபவர்கள் முதல் கோட்டையே ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அடர்த்தியில் தொடங்க வேண்டும். குறைந்த அடர்த்தியில் வரைந்ததைப் பின்னர் பெரிதாக்கினால் கோடுகள் மங்கிவிடும். விளிம்பு வரை படம் வரும் பக்கங்களில் நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரைந்து, வசனங்களை வெட்டுக் கோட்டிலிருந்து உள்ளே தள்ளி வைக்க வேண்டும். நடுவில் கம்பி தைக்கும் நூலின் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். திரையில் பளிச்சென்று தெரியும் பச்சையும் நீலமும் தாளில் மங்கலாக விழும். எனவே எல்லாப் பிரதிகளுக்கும் பணம் கட்டும் முன் அச்சகத்தில் ஒரே ஒரு மாதிரிப் பிரதி கேட்டு வாங்கி, கதையை அறியாத ஒருவரிடம் விளக்கம் எதுவும் சொல்லாமல் படிக்கக் கொடுத்து, அவர் எந்தப் பக்கத்தில் திரும்பிப் புரட்டுகிறார் என்று கவனிப்பது நல்லது. திருத்த வேண்டிய பக்கம் அதுதான்.