காது இரைச்சலும் நாம் போடும் குளிசைகளும்

"தங்கச்சி, காதுக்குள்ள ஒரே இரைச்சல்." கிராமங்களுக்குப் போகும்போது நான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. வீட்டிலுள்ளவர்கள் "யோசனை கூடிப்போச்சு" என்று சொல்லி விடுகிறார்கள். 2009 வரை ஷெல் சத்தத்துக்குள் வாழ்ந்த பெண்களுக்கு இந்தப் பதில் போதாது என்பது என் எண்ணம்.

சகோதரிகளே, நமது உட்செவியில் ஒலியை உணரும் நத்தைச்சுருள் ஒரு பட்டாணி அளவுதான். உட்செவிக்கு இரத்தம் கொண்டுவருவது மெல்லிய ஒரேயொரு நாடி. அது அடைபட்டால் கைகொடுக்க வேறு வழி இல்லை. குண்டு வெடிக்கும்போது காற்றழுத்தம் கண்மூடித் திறப்பதற்குள் ஏறி இறங்குகிறது. கிழிந்த செவிப்பறை பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும். ஆனால் உள்ளேயுள்ள நுண்ணிய மயிர்க்கலங்கள் இறந்தால் மீண்டும் முளைப்பதில்லை. இரைச்சல் ஆண்டுக்கணக்கில் நிற்பது அதனால்தான். அது மனப்பிரமை அல்ல.

மருந்துகளும் இந்த இடத்தைத் தொடுகின்றன. உடம்பில் நீர் வற்றக் கொடுக்கும் பியூரோசமைட், உட்செவித் திரவத்தைச் சுரக்கும் பகுதிக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கக்கூடும். ஊசியாக வேகமாக ஏற்றும்போதும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் ஆபத்து அதிகம். கூடிய அளவு அஸ்பிரின் இரைச்சலைத் தரும். நிறுத்தினால் பெரும்பாலும் அடங்கும். இருதயத்துக்கு நாளாந்தம் போடும் சிறிய அளவு அப்படிச் செய்வது அரிது. ஜென்டாமைசின், சயரோகத்துக்கான ஸ்ட்ரெப்டோமைசின் ஆகிய ஊசிகளின் பாதிப்போ நிரந்தரமாகலாம். அதற்காகப் பயந்து ஊசியையோ பிறஷர் குளிசையையோ நீங்களாக நிறுத்த வேண்டாம். போடும் எல்லாக் குளிசைகளையும், கடையில் வாங்கியதையும் சேர்த்து, கிளினிக் கொப்பியோடு கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள்.

தலைச்சுற்றிலும் வேறுபாடு உண்டு. எழும்பி நிற்கும்போது கண் இருண்டால் பிறஷர் இறங்கியிருக்கலாம். படுக்கையில் புரளும்போது வீடே சுற்றினால், உட்செவியிலுள்ள சிறு துணிக்கைகள் இடம் மாறியிருக்கலாம். தலையில் அடிபட்டவர்களுக்கு இது வருவதுண்டு. தலையை முறைப்படி திருப்பும் பயிற்சியே இதற்குச் சிகிச்சை, மாதக்கணக்கில் குளிசை தேவையில்லை. இது தெரியாமல் எத்தனை பேர் குசினிக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள்!

ஒரு காது திடீரெனக் கேட்காமல் போனால் மட்டும் அடுத்த கிளினிக் நாள் வரை பொறுக்க வேண்டாம். ஸ்டீரொய்ட் மருந்து முதல் இரண்டு வாரங்களுக்குள்தான் நன்றாகப் பயன்தரும். பிள்ளையை அயலில் விட்டுவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.