தாளைக் காத்தோம், தெருவைக் காப்போம்

மரபுச் சின்னம் என்றாலே கோட்டை, கோயில் என்றுதான் நமக்குப் பழக்கியிருக்கிறார்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழ்களை அன்பு பொன்னோவியம் சேகரித்துக் காத்தார். அதனால்தான் 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' நம் கைக்கு வந்தது.

தாளைக் காத்த நாம் தெருவையும் காக்கவேண்டும். மாதவரத்துக்குப் பக்கத்தில், பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களிடையே 1918இல் பிறந்த சென்னைத் தொழிலாளர் சங்கத்தைப் பலரும் போற்றுகிறார்கள். 1921 வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்ததை எத்தனை பேர் சொல்கிறார்கள்?

வடசென்னையைச் சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் வரட்டும். எந்த இடத்தைக் காட்டுவது, எந்தக் கதையைச் சொல்வது என்பதை அங்கே வாழும் மக்களே முடிவுசெய்யவேண்டும். அந்தத் தெருப் பிள்ளைகளே வழிகாட்டவேண்டும். கட்டணம் அங்குள்ள படிப்பகத்துக்குப் போகவேண்டும். இல்லையேல் நம் வறுமை மட்டும் வேடிக்கையாகும். எரிந்த குடிசைகள் கதையிலும் இரா.