காதுக்கு எழுதுதல்: ஒலிபரப்பின் அரிச்சுவடி

காலை வணக்கக் கூட்டத்தில் செய்தி வாசிப்பது நம் பள்ளிகளில் வழக்கம்தான். நாளிதழின் ஒரு பத்தியைக் குறிப்பேட்டில் எழுதி வந்த மாணவி, மைக் முன் நின்று கடகடவென்று படித்து முடிக்கிறாள். கைதட்டலும் கிடைக்கிறது. கடைசி வரிசையில் நிற்கும் ஆறாம் வகுப்புப் பையனிடம் "என்ன செய்தி?" என்று கேட்டால் விழிக்கிறான். அவனைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. அவன் கேட்டது கண்ணால் படிப்பதற்காக எழுதப்பட்ட வாக்கியம். ஒலிபரப்பின் முதல் பாடம் இங்கேதான் தொடங்குகிறது.

"கனமழை எச்சரிக்கை விடுக்கப்பட்டுள்ளதைத் தொடர்ந்து மாவட்டத்தில் உள்ள அனைத்துப் பள்ளிகளுக்கும் நாளை விடுமுறை அறிவித்து மாவட்ட ஆட்சியர் உத்தரவிட்டுள்ளார்." அச்சில் இதில் பிழையில்லை. தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், கேட்பவர் அதுவரை வந்த எல்லாவற்றையும் மனத்தில் சுமந்துகொண்டே காத்திருக்க வேண்டும். படிப்பவர் மறுபடி மேலே போய்ப் பார்த்துக்கொள்வார். கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. இதையே இப்படிச் சொல்லிப் பார்ப்போம்: "நம் மாவட்டப் பள்ளிகளுக்கு நாளை விடுமுறை. கனமழை பெய்யக்கூடும் என்று எச்சரிக்கை வந்திருக்கிறது. அதனால் ஆட்சியர் இந்த விடுமுறையை அறிவித்திருக்கிறார்." மூன்று வாக்கியங்கள்; ஒவ்வொன்றிலும் ஒரே செய்தி. 'மேற்கண்ட', 'பின்வரும்' போன்ற சொற்களுக்கும் காதில் இடமில்லை. 4,87,316 என்ற எண்ணை 'ஏறத்தாழ ஐந்து லட்சம்' என்றால் போதும்.

அடுத்தது குரல். மைக் பிடிக்க யாரை அழைக்கிறோம்? பெரும்பாலும் உரத்த குரல் உள்ளவரைத்தான். மைக் இருப்பதே மெல்லிய குரலுக்காக என்பதை மறந்துவிடுகிறோம். குரலைப் பெரிதாக்கும் வேலையைப் பெருக்கி பார்த்துக்கொள்ளும். பேசுபவர் எதிரில் ஒருவர் அமர்ந்திருப்பதாக எண்ணி இயல்பாகப் பேசினால் போதும். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகளில் சிலருக்கு, யாரும் பார்க்காத ஓர் அறையில் கைப்பேசியில் பதிவு செய்வது எளிதாக இருக்கும். அவர்களுக்கு முதல் வாய்ப்பு கொடுங்கள்.

பதிவுக்குத் தனி அரங்கம் வேண்டியதில்லை. மின்விசிறியை நிறுத்துங்கள். வெறும் சுவர் எதிரொலிக்கும். புத்தகப் பைகளும் துணிகளும் நிறைந்த அறை எதிரொலியைக் குறைக்கும். கைப்பேசி வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் இருந்தால் மூச்சுக்காற்று மோதும் 'புஸ்' ஒலி விழாது.

சரி, மைக்கில் நுழைந்த குரல் எப்படி ஊர் தாண்டிப் போகிறது? அறிவியல் ஆசிரியர்களுக்கு இங்கே நல்ல கணக்கு ஒன்று இருக்கிறது. மைக்கிலுள்ள மெல்லிய சவ்வு குரலுக்கேற்ப அதிர, அந்த அதிர்வு மின்னலையாகிறது. 3,000 ஹெர்ட்ஸ் மின்னலையை அப்படியே வானில் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். அதன் அலைநீளம் 100 கிலோமீட்டர். அதில் கால் பங்கு என்றாலும் 25 கிலோமீட்டர் உயர அலைக்கம்பம் வேண்டும்! எனவே குரலை உயர் அதிர்வெண் கொண்ட ஊர்தி அலையின் மீது ஏற்றி அனுப்புகிறார்கள். இதுவே பண்பேற்றம். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலைக்கு அலைநீளம் சுமார் 417 மீட்டர். 101.4 மெகாஹெர்ட்ஸ் பண்பலைக்கு மூன்று மீட்டருக்கும் குறைவு. ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்து மாணவர்களே இதைச் சரிபார்க்கலாம்.

மத்திய அலையில் ஊர்தி அலையின் வீச்சு மாறுகிறது; மின்னல் வெட்டும்போது அந்த வீச்சு குலைவதால் கரகரப்பு கேட்கிறது. பண்பலையில் மாறுவது அதிர்வெண் என்பதால் ஒலி தெளிவாக இருக்கிறது. ஆனால் அது நெடுந்தூரம் போகாது. மத்திய அலையோ, பகலில் அதை உறிஞ்சும் அயனி அடுக்கு இரவில் மறைந்துவிடுவதால், மேலடுக்கில் பட்டுத் திரும்பித் தொலைதூரம் செல்கிறது. இரவில் பழைய வானொலிப் பெட்டியைத் திருகினால் எங்கோ உள்ள நிலையங்கள் கேட்பது இதனால்தான்.

சென்னையில் 1924இல் ஒரு வானொலி மன்றம் தொடங்கிய முயற்சி, 1938இல் அகில இந்திய வானொலி நிலையமாக நிலைபெற்றது. 2004இல் அண்ணா பல்கலைக்கழகம் சமுதாய வானொலியைத் தொடங்கியது. 2019இல் நம் கல்வித் தொலைக்காட்சி வந்தது.

தொலைக்காட்சியில் நொடிக்கு 25 படங்கள் அடுத்தடுத்து வருவதைக் கண் தொடர்ச்சியான அசைவாகக் காண்கிறது. இங்கே எழுத்தின் விதி தலைகீழ். வானொலியில் "செம்பருத்தியின் ஐந்து சிவந்த இதழ்கள் விரிந்திருக்கின்றன" என்று சொல்லியாக வேண்டும். தொலைக்காட்சியில் பூவே தெரிகிறது. அதையே வாயாலும் சொன்னால் வீண். அந்த நேரத்தில் கண்ணுக்கு எளிதில் தெரியாததை, மகரந்தத்தூள் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லலாம். வகுப்பறையில் "இதோ பாருங்கள்" என்று சொல்லியே பழகிய நமக்கு வானொலிப் பாடம் கடினமாவதும் இதனால்தான். ஒரு பாடத்தைக் கரும்பலகை இல்லாமல், கையசைக்காமல் ஐந்து நிமிடம் பதிவு செய்து பார்த்தால் அது புரியும்.

மாணவர்களின் பதிவை வேறொரு வகுப்பில் ஒரே ஒருமுறை ஒலிக்கவிடுங்கள். குறிப்பெடுக்க வேண்டாம். கேட்டவர்கள் நினைவில் நின்றதைத் திருப்பிச் சொல்லட்டும். எந்த இடத்தில் தடுமாறுகிறார்களோ, அந்த வாக்கியத்தை எழுதிய மாணவரே அதை மாற்றி எழுதி மீண்டும் பதிவு செய்யட்டும்.