நண்பரோட மலேசியா ரோட் ட்ரிப்: எதை ஃபிக்ஸ் பண்ணணும், எதை ஓப்பனா விடணும்?

"டிக்கெட் போட்டாச்சு மச்சி, மத்ததெல்லாம் அங்க போய் பார்த்துக்கலாம்." நண்பரோட வெளிநாடு கிளம்புற நிறைய பேரோட பிளான் இந்த ஒரு வரிதான். இன்னொரு வகை இருக்காங்க. எட்டு நாளுக்கும் ஹோட்டல், எத்தனை மணிக்கு எங்க டிபன் வரைக்கும் எக்செல்ல போட்டுட்டுதான் பெட்டியே எடுப்பாங்க. முதல் வகை கடைசி நிமிஷ ரேட் கொடுத்து காசை விடுவாங்க. இரண்டாவது வகை, பிடிச்ச ஊர்ல இன்னொரு நாள் இருக்க முடியாம, கொட்டுற மழையிலயும் அடுத்த ஊருக்கு வண்டி ஓட்டுவாங்க, ஏன்னா ரூமுக்கு காசு கட்டியாச்சு!

பிளான் மாத்திக்கிற சுதந்திரத்துக்கும் ஒரு விலை இருக்கு. அந்த விலையை எங்க கொடுக்கலாம், எங்க கொடுக்கக் கூடாதுன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டா பட்ஜெட்டும் உடையாது, நட்பும் உடையாது. சும்மா தியரியா பேசாம, மலேசியாவை வச்சு கணக்கு போட்டே பார்த்துடலாம்.

ஏன் மலேசியா?

முதல் தடவை வெளிநாட்டுல கார் ஓட்டப் போறவங்களுக்கு இது வசதியான நாடு. நம்ம ஊர் மாதிரியே சாலையோட இடதுபக்கம்தான் ஓட்டணும். சென்னை, திருச்சியில இருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருக்கு. இந்திய பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் வரைக்கும் விசா தேவையில்லை. இந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரைக்கும்னு அறிவிச்சிருக்காங்க, அதுக்கு அப்புறம் போறவங்க நிலவரத்தைப் பார்த்துட்டு டிக்கெட் போடுங்க. போய் இறங்குறதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள டிஜிட்டல் அரைவல் கார்டை ஆன்லைன்ல நிரப்பணும். அது இலவசம், அதுக்கு காசு கேட்கிற வெப்சைட் வந்தா மூடிடுங்க.

ரூட் இதுதான். சனிக்கிழமை கோலாலம்பூர்ல இறங்குறீங்க. அங்க ரெண்டு இரவு. திங்கள்கிழமை கார் எடுத்து கேமரன் மலை, அங்க ரெண்டு இரவு. அப்புறம் ஈப்போ ஒரு இரவு, பினாங்கு ரெண்டு இரவு. திரும்ப கோலாலம்பூர் வந்து காரை விட்டுட்டு கடைசி இரவு, மறுநாள் ஃப்ளைட். மொத்தம் 8 இரவு.

கிழமையையும் கவனிங்க. வார இறுதியிலயும் ஸ்கூல் லீவுலயும் கேமரன் மலை ரோடு ஊட்டி சீசன் மாதிரி நின்னுடும், ரூம் ரேட்டும் ஏறிடும். திங்கள், செவ்வாய்ல அங்க இருந்தா ரெண்டு பிரச்சினையும் குறையும். மேற்குக் கரையைத் தேர்ந்தெடுத்ததுக்கும் காரணம் இருக்கு. நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் வடகிழக்குப் பருவமழை மலேசியாவோட கிழக்குக் கரையை வெளுத்து வாங்கும். நம்மாளுங்க லீவு எடுக்கிற டிசம்பர், பொங்கல் சமயம் சரியா அதுக்குள்ளதான் விழுது.

இதையெல்லாம் ஃபிக்ஸ் பண்ணிடுங்க

ஃப்ளைட், டிராவல் இன்ஷூரன்ஸ், கார், கோலாலம்பூர்ல தங்குற மூணு இரவு. இவ்வளவுதான். இதெல்லாம் எந்த மாற்றத்துலயும் நகராது.

கார் ஆறு நாளைக்கு மட்டும் போதும்னு பார்த்தீங்களா? கோலாலம்பூர்ல கார் வச்சிருந்தா டிராஃபிக்கும் பார்க்கிங்கும்தான் மிச்சம், சிட்டி ரயிலே போதும். ஏர்போர்ட்லயே கார் எடுக்கிறது கெத்தா இருக்கும்தான், ஆனா முதல் ரெண்டு நாள் வாடகை வீண்.

நடுவுல இருக்கிற அஞ்சு இரவைத்தான் ஓப்பனா விடுறோம். ரூமே போடாம விடச் சொல்லல. கேன்சல் பண்ணா முழுக் காசும் திரும்ப வர்ற ரேட்ல போட்டு வைக்கிறோம். உதாரணமா ஒரு ரூம் கேன்சல் வசதியோட 130 ரிங்கிட், ரீஃபண்ட் இல்லாம 110 ரிங்கிட்னு வச்சுக்குவோம். அஞ்சு இரவுக்கு ரீஃபண்ட் இல்லாத ரேட்ல 550. கேன்சல் வசதியோட போட்டு ஒரே ஒரு இரவை மாத்தினா, நீங்க கொடுக்கிறது நாலு இரவுக்கு 520. மாத்தின அந்த இரவுக்கு புது ரூம் ரெண்டு கேஸ்லயும் எடுத்துத்தான் ஆகணும். ஆக, அஞ்சுல ஒரு இரவு மாறும்னு நினைச்சாலே கேன்சல் வசதிதான் லாபம். எதுவுமே மாறலைன்னா 100 ரிங்கிட் கூடுதலா கொடுத்திருப்பீங்க. கேமரன் மலையில மழை கொட்டலாம். ஈப்போவுல குகைக் கோயிலும் வெள்ளைக் காப்பியும் பிடிச்சுப் போய் இன்னொரு நாள் இருக்கலாம்னு தோணலாம். ஈப்போவுக்கும் பினாங்குக்கும் நடுவுல தைப்பிங்னு ஒரு அழகான ஏரி ஊர் வேற இருக்கு. மாற வாய்ப்பு நிறையவே இருக்கு, அதனால என் ஓட்டு கேன்சல் வசதிக்குத்தான். கேன்சல் பண்றதுக்கான கடைசி தேதியை மட்டும் போன்ல அலாரம் வச்சுடுங்க.

கணக்கு

ஒரு ரிங்கிட்டை 22 ரூபாய்னு வச்சுக்கிறேன், நீங்க கிளம்பும்போது இருக்கிற ரேட்டைப் போட்டுக்கோங்க. கீழே வர்றது எல்லாம் ரெண்டு பேருக்கும் சேர்த்து நான் போட்ட மதிப்பீடு.

சின்ன ஆட்டோமேட்டிக் கார் ஒரு நாளைக்கு 120 வீதம் 6 நாளைக்கு 720 ரிங்கிட். ஊர் சுத்துறதையும் சேர்த்து சுமார் 1,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கிலோமீட்டர்னா 67 லிட்டர் பெட்ரோல், 200 ரிங்கிட். டோல் 120. ரூம் 8 இரவுக்கு 1,120. சாப்பாடு ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 வீதம் 800. ஏர்போர்ட் போக வர, சிட்டி ரயில், பார்க்கிங், நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 540. மொத்தம் 3,500. இதோட 500 ரிங்கிட் "பிளான் மாறும்" நிதி. ஆக 4,000, தலைக்கு 2,000 ரிங்கிட், அதாவது 44,000 ரூபாய். ஃப்ளைட்டும் இன்ஷூரன்ஸும் இதுல வராது, அது நீங்க புக் பண்ற நாளைப் பொறுத்தது.

இதுல ரெண்டு விஷயம் நிறைய பேர் கணக்குல விட்டுடுவாங்க. ஒன்னு, வெளிநாட்டுக்காரங்க தங்கினா ரூமுக்கு ஒரு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி. மேல இருக்கிற 1,120-ல இதைச் சேர்த்துட்டேன். இன்னொன்னு பெட்ரோல். பழைய வீடியோக்கள்ல மலேசியாவுல பெட்ரோல் தண்ணி விலைன்னு சொல்லுவாங்க. 2025 செப்டம்பர் 30-ல இருந்து அந்த மானிய விலை (லிட்டருக்கு 1.99 ரிங்கிட்) மலேசியக் குடிமக்களுக்குத்தான். நமக்கு மார்க்கெட் விலை, திட்டம் தொடங்கினப்போ அது 2.60 ரிங்கிட். ஏறி இறங்கும்கிறதால நான் 3 ரிங்கிட்னு போட்டிருக்கேன்.

டோலுக்கு டச் அண்ட் கோ கார்டு வேணும். கார் எடுக்கும்போதே அது இருக்கான்னு கேட்டுடுங்க. பினாங்கு பாலத்துல தீவுக்குள்ள போகும்போது மட்டும்தான் டோல், காருக்கு 5.74 ரிங்கிட். தீவுக்குப் போனதும் ஜார்ஜ் டவுன்ல காரை ஓரமா நிறுத்திட்டு நடங்க, பழைய நகரம் முழுக்க நடந்தே பார்க்கிற தூரம்தான். சாப்பாட்டுக்கும் கவலை வேண்டாம். நாசி கண்டார்னு அங்க கொண்டாடுற சாப்பாடே தமிழ் முஸ்லிம்கள் கொண்டு போனது. ரொட்டி சானாய், தே தாரிக்னு மாமாக் கடையில உட்கார்ந்தா 50 ரிங்கிட்ல ஒரு நாளை நல்லாவே ஓட்டலாம்.

நண்பர் வரலைன்னா?

யாரும் பேசத் தயங்குற விஷயம் இது. கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி நண்பருக்கு லீவு கேன்சல். இப்ப உங்க செலவு என்ன ஆகும்? சாப்பாடு, டிக்கெட் மாதிரி செலவுகள் பாதியாகும். ஆனா கார், பெட்ரோல், டோல், ரூம் எல்லாம் சேர்ந்த 2,160 ரிங்கிட் அப்படியே உங்க தலையில. 1,750-ல முடிய வேண்டிய உங்க பங்கு 2,830 ஆயிடும். 1,080 ரிங்கிட் கூடுதல், கிட்டத்தட்ட 24,000 ரூபாய்!

இதுக்கு நண்பர்கிட்ட சண்டை போட்டு பிரயோஜனம் இல்லை. கார் புக்கிங்கையும் கேன்சல் பண்ற மாதிரியே போடுங்க. தனியா போக வேண்டி வந்தா காரை விட்டுடுங்க. கோலாலம்பூர்ல இருந்து ஈப்போ வழியா பட்டர்வொர்த் வரைக்கும் ஈடிஎஸ் ரயில் ஓடுது, அங்கிருந்து ஃபெரியில பினாங்கு. கேமரன் மலைக்கு பஸ் இருக்கு. இன்னொன்னும் பேசி வைங்க: கடைசி நேரத்துல விலகுறவர், ரீஃபண்ட் ஆகாத பொதுச் செலவுல தன் பாதியைக் கொடுத்துடணும். டிக்கெட் போடுற அன்னைக்கே வாட்ஸ்அப்ல ரெண்டு வரியா எழுதிக்கோங்க. அன்னைக்கு சிரிச்சுக்கிட்டே எழுதிடலாம், பிரச்சினை வந்தப்புறம் எழுத முடியாது.

காருக்கு ஏதாவது ஆச்சுன்னா?

வாடகை காருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கும், ஆனா "எக்ஸஸ்"னு ஒரு தொகை வரைக்கும் முதல்ல உங்க கையில இருந்து போகும். அது 2,000 ரிங்கிட்னு வச்சுக்கோங்க, ஒரு ஆளோட மொத்த ட்ரிப் பட்ஜெட் அது. நாளைக்கு 20 ரிங்கிட் கூடுதலா கட்டினா எக்ஸஸ் குறையும்னு சொன்னா, 6 நாளைக்கு 120. நாற்பத்து நாலாயிரம் திடீர்னு போனா வீட்டு பட்ஜெட் ஆடும்னா, யோசிக்காம கட்டுங்க. உங்க டிராவல் இன்ஷூரன்ஸ் இதைப் பார்த்துக்கும்னு நினைக்காதீங்க. வாடகை கார் எக்ஸஸுக்கு கவர் இருக்குன்னு பாலிசியில தெளிவா எழுதியிருந்தாத்தான் வரும்.

ஓட்டப் போறது ரெண்டு பேரும்னா ரெண்டு பேர் பேரும் ஒப்பந்தத்துல இருக்கணும். கூடுதல் டிரைவர் கட்டணத்தை மிச்சம் பிடிக்க ஒருத்தர் பேரை மட்டும் போட்டு, மாத்தி மாத்தி ஓட்டினா, பேர் இல்லாதவர் கையில இடிச்ச அன்னைக்கு இன்ஷூரன்ஸே கிடைக்காமப் போகலாம். ரெண்டு பேருக்கும் இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டும் வேணும். உங்க ஆர்டிஓ ஆபீஸ்ல படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருஷம் செல்லும். ஒரிஜினல் லைசென்ஸையும் கூடவே எடுத்துக்கோங்க.

இடிச்சா யார் கொடுக்கிறது? என் கருத்து: எக்ஸஸ் யார் ஓட்டினாலும் பாதி பாதி. பக்கத்து சீட்ல தூங்கினவரும் அதே பயணத்தைத்தான் அனுபவிச்சார். ஆனா ஸ்பீடு ஃபைன் மட்டும் ஓட்டினவர் கணக்கு. எக்ஸ்பிரஸ்வேயில வேக வரம்பு 110, கேமரா இருக்கு. ஊருக்கு வந்து சில வாரம் கழிச்சுக்கூட அபராதம் கார்டுல கழியலாம். அதனால யார் எந்த ஊர்ல இருந்து எந்த ஊருக்கு ஓட்டினாங்கன்னு ஒரு குறிப்பு வச்சுக்கோங்க.

யார் கார்டு?

கார் டெபாசிட்டுக்கு பெரும்பாலும் முதன்மை டிரைவர் பேர்ல இருக்கிற கிரெடிட் கார்டு கேட்பாங்க. ஃபாரெக்ஸ் ப்ரீபெய்டு கார்டை பல இடத்துல ஏத்துக்க மாட்டாங்க. பிளாக் பண்ற தொகை போக மிச்ச லிமிட் போதுமான்னு கிளம்பும்போதே பார்த்துடுங்க.

பல கிரெடிட் கார்டுகள்ல வெளிநாட்டுச் செலவுக்கு 3.5% மார்க்அப், அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி, ஆக 4.13%. 2,160 ரிங்கிட்டை அந்த கார்டுல தேய்ச்சா சுமார் 1,960 ரூபாய் வீண். மார்க்அப் இல்லாத கார்டு ரெண்டு பேர்ல யார்கிட்ட இருக்கோ, அவர் கார்டையே பெரிய செலவுக்கு வச்சுக்கோங்க. கடையில மெஷின் "ரூபாயில கட்டவா, ரிங்கிட்ல கட்டவா"ன்னு கேட்டா எப்பவும் ரிங்கிட்.

செலவை ஸ்ப்ளிட்வைஸ் மாதிரி ஒரு ஆப்ல அன்னன்னைக்கே போட்டுடுங்க. ஊருக்கு வந்து கணக்கு தீர்க்கும்போது கூகுள்ல வர்ற ரேட்டை எடுக்காதீங்க, கார்டு ஸ்டேட்மெண்ட்ல எத்தனை ரூபாய் கழிஞ்சிருக்கோ அதைப் பாதியா பிரிங்க. இல்லைன்னா கார்டு கொடுத்தவர்தான் மார்க்அப் முழுசையும் சுமப்பார். காரோட டெபாசிட் பிளாக் ரிலீஸ் ஆகி, ஃபைன் எதுவும் வரலைன்னு தெரியுற வரைக்கும் அந்த 500 ரிங்கிட் நிதியில மிச்சம் இருக்கிறதைப் பிரிக்காம வைங்க.