மூன்று சகோதரிகளுக்கு ஒரு புது வீடு

சென்ற மாதம் ஒரு நாள் இரவு எங்கள் தெருவில் மின்சாரம் நின்றுவிட்டது. அலமாரியின் மேல் தட்டில் இருந்த டார்ச் விளக்கைத் தேடி எடுத்துப் பொத்தானை அமுக்கினேன். எரியவில்லை. மூடியைத் திருகினேன். அதுவும் அசையவில்லை. மறுநாள் பகல் வெளிச்சத்தில் இடுக்கி வைத்துத் திறந்த பிறகுதான் காரணம் தெரிந்தது. உள்ளே இருந்த பாட்டரி கசிந்து, வெள்ளையும் பச்சையுமாய்ப் பூத்து, ஸ்பிரிங்கைத் தின்று தீர்த்திருந்தது.

"ஒரு வருஷமாக அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இப்போது எரியவில்லையே என்றால் எப்படி எரியும்?" என்று கேட்டாள் அம்மா. பதில் சொல்ல என்ன இருக்கிறது?

உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கும். டார்ச் விளக்கு போனால் கடையில் வேறொன்று வாங்கிக் கொள்ளலாம். ஆனால் இதே கசிவு, ஒரு காலத்தில் உலகம் வியந்து பார்த்த கம்ப்யூட்டர்களின் வயிற்றையும் அரித்திருக்கிறது. அவற்றைச் செய்த கம்பெனியோ மூடிப் போய்விட்டது. கடையில் போய் வேறொன்று கேட்க முடியாது. ஆகவே, பல தேசங்களில் சிலர் தங்கள் வீட்டு மேஜையின் முன் உட்கார்ந்து, அதற்குப் புதிய சர்க்யூட் பலகையையே செய்துவிடுகிறார்கள்! எப்படி என்று தெரிந்து கொள்ள ஆசையாக இருக்கிறதல்லவா? வாருங்கள்.

தோழியின் அரங்கேற்றம்

அந்தக் கம்ப்யூட்டரின் பெயர் 'அமிகா'. ஸ்பானிஷ் பாஷையில் 'தோழி' என்று பொருள். அமெரிக்காவின் காமடோர் கம்பெனி, 1985-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் தேதி, நியூயார்க் நகரத்து லிங்கன் சென்டரில் இதற்கு அரங்கேற்றம் நடத்தியது. அரங்கேற்றம் என்ற சொல் பொருத்தமானதுதான். பிரசித்தி பெற்ற ஓவியர் ஆண்டி வார்ஹால் மேடை ஏறி, பாடகி டெபி ஹாரியின் உருவத்துக்கு அந்தக் கம்ப்யூட்டர் திரையிலேயே வண்ணம் தீட்டிக் காட்டினார்.

கம்ப்யூட்டர் என்றால் கறுப்புத் திரையில் எழுத்து வரிசைதான் என்று பலரும் நினைத்திருந்த காலம் அது. அமிகாவோ 4096 வண்ணங்களைக் காட்டவல்லது. நான்கு குரல்களில் ஸ்டீரியோ இசை வாசிக்கும். ஒரே சமயத்தில் பல வேலைகளையும் கவனிக்கும். ஒரு கையால் சாம்பாரைக் கிளறி, இன்னொரு கையால் குழந்தைக்குச் சோறூட்டி, காதை வாசல் மணியின் மேல் வைத்திருக்கும் உங்களுக்கு இது பெரிய அதிசயமாகத் தோன்றாமல் இருக்கலாம். 1985-ல் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றுக்கு இது பெரிய அதிசயம்தான்.

இந்தத் திறமைக்குக் காரணம் உள்ளே குடியிருந்த மூன்று சகோதரிகள். ஆக்னஸ், டெனிஸ், பாலா என்று மூன்று சில்லுகள். (நம் பக்கத்து வீட்டுப் பாலா அல்ல!) ஆக்னஸ் மூத்த மருமகள் மாதிரி. நினைவகத்தை யார் எப்போது தொடலாம் என்று முறை வைப்பவள். டெனிஸ் படம் போடுகிறவள். பாலாவுக்குப் பாட்டும், நெகிழ் தட்டைப் படிக்கிற வேலையும்.

இந்தச் சகோதரிகள் சில்லுகளாக உருவெடுக்கும் முன்பே, அவர்கள் செய்ய வேண்டிய வேலையைப் பலகைகளில் கம்பி சுற்றிச் சுற்றிக் கையாலேயே செய்து பார்த்தார்கள். அந்த மாதிரி யந்திரத்துக்குக் கம்பெனித் தலைவருடைய மனைவியின் பெயரான 'லொரெய்ன்' என்பதையே சூட்டினார்கள். 1984-ல் ஒரு கண்காட்சிக்கு அதை விமானத்தில் கொண்டு போக, தனியாக ஓர் ஆசனமே வாங்கினார்களாம். டிக்கெட்டில் பிரயாணியின் பெயர் 'ஜோ பில்லோ', அதாவது திருவாளர் தலையணை! அந்தக் குழுவைச் சேர்ந்தவரே பிற்காலத்தில் சொன்ன கதை இது.

முதல் மாடலின் மேல் மூடியைக் கழற்றினால், உட்புறத்தில் அதை உருவாக்கியவர்களின் கையெழுத்துகளைப் பார்க்கலாம். நடுவே ஒரு நாயின் பாதச் சுவடும் இருக்கும். அமிகாவின் தந்தை என்று சொல்லப்படும் ஜே மைனர் வளர்த்த மிட்சி என்ற நாயின் சுவடு அது. இவ்வளவு பிரியமாகப் பிறந்த யந்திரம் மிகக் குறைவு.

ஆனால் 1994 ஏப்ரலில் காமடோர் கம்பெனி திவாலாயிற்று. அதே ஆண்டு ஜூன் மாதம் ஜே மைனரும் காலமானார். அமிகாக்கள் மெல்ல மெல்லப் பரண் ஏறின.

காலம் காட்ட வந்த காலன்

1987-ல் வந்த அமிகா 2000 முதலாகச் சில மாடல்களில் ஒரு வசதி செய்திருந்தார்கள். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டாலும் உள்ளே இருக்கும் கடிகாரம் ஓட வேண்டும் அல்லவா? அதற்காகச் சுண்டுவிரல் அளவில் ஒரு நிக்கல்-காட்மியம் பாட்டரியைச் சர்க்யூட் பலகையின் மேலேயே பற்றவைத்துவிட்டார்கள். 3.6 வோல்ட். கம்ப்யூட்டர் ஓடும்போது அதற்குச் சார்ஜ் ஏறும். அணைத்ததும் அது கடிகாரத்தை ஓட்டும்.

நல்ல ஏற்பாடுதான், தினமும் ஓட்டிக் கொண்டிருக்கும் வரையில். பரண் ஏறிய பிறகு யார் சார்ஜ் ஏற்றுவது? பாட்டரி வற்றியது, முதுமை அடைந்தது, பிறகு கசிந்தது. கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் கடுமையான காரம். பலகையின் மேல் இருக்கும் பச்சை வார்னிஷுக்கு அடியில் புகுந்து, திரியில் எண்ணெய் ஏறுவது போல் செப்புக் கோடுகளின் வழியே அது ஊர்ந்து செல்லும். அந்தக் கோடுகளின் கனம் சாதாரணமாக 35 மைக்ரான். நம் தலைமுடியில் ஏறக்குறையப் பாதி! எத்தனை நாள் தாங்கும்?

மணி காட்டுவதற்காக வைத்த பொருளே யந்திரத்துக்குக் காலனாக வந்து சேர்ந்தது.

வினிகர் வைத்தியம்

பரணிலிருந்து இறக்கியதும் முதல் சிகிச்சை சமையலறை வைத்தியம்தான். பாட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, பச்சை பூத்த இடத்தில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ விட்டு, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் மெல்லத் தேய்க்கிறார்கள். காரத்தை முறிப்பது புளிப்பு. பிறகு நல்ல தண்ணீரில் அலம்பி, நன்றாக உலர்த்துகிறார்கள்.

அடுத்தது நாடி பார்ப்பது. மல்டிமீட்டரின் இரண்டு ஊசிகளை ஒரு கோட்டின் இரு முனைகளிலும் வைத்தால், கோடு முழுசாக இருக்கும் பட்சத்தில் 'பீப்' என்று சத்தம் வரும். மௌனம் என்றால் கோடு அறுந்துவிட்டது என்று அர்த்தம். நாலைந்து கோடுகள் அறுந்திருந்தால் மெல்லிய கம்பியால் இணைத்துவிடலாம். நாற்பது ஐம்பது அறுந்திருந்தால்? ஒட்டுமேல் ஒட்டுப் போட்ட புடைவையை எத்தனை நாள் உடுத்த முடியும்? அப்போதுதான் புதுப் பலகையே செய்துவிடுவது என்ற துணிச்சலான யோசனை பிறக்கிறது.

அளவு ரவிக்கை

இதைச் செய்கிற முறை உங்களுக்குப் புதிதல்ல. தையற்காரரிடம் அளவு ரவிக்கை கொடுக்கிறீர்கள் அல்லவா? அதே தத்துவம்தான். அளவு ரவிக்கையை அப்படியே தருவதற்குப் பதில், தையலைப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் துணிமேல் விரித்து வெட்டுவதாக நினைத்துக் கொள்ளுங்கள்.

முதலில் பலகையில் இருக்கும் சாமான்களையெல்லாம் ஒன்றுவிடாமல் கழற்ற வேண்டும். பிறகு வெறும் பலகையின் இரண்டு பக்கங்களையும் ஸ்கானரில் வைத்துப் படம் பிடிக்க வேண்டும். இரண்டே அடுக்கு உள்ள பலகையானால் இத்துடன் தீர்ந்தது. சில பலகைகளில் நான்கு அடுக்கு உண்டு. உள்ளே இருக்கும் இரண்டு அடுக்குகள் கண்ணுக்குத் தெரியா. அவற்றைப் பார்க்க ஒரே வழிதான் பலருடைய கைக்கு எட்டுகிறது. உப்புக் காகிதத்தை எடுத்து மேல் அடுக்கைத் தேய்த்துத் தேய்த்து எடுத்துவிடுவது!

இங்கேதான் மனசு அடித்துக் கொள்ளும். பிரித்த ரவிக்கையைத் திரும்பத் தைத்துவிடலாம். தேய்த்த பலகை திரும்ப வராது. நகல் சரியாக அமைந்தால் அமிகா பிழைக்கும். தப்பாகிவிட்டால் நகலும் இல்லை, அசலும் இல்லை. எனவே செத்துப்போனது நிச்சயம் என்று தெரிந்த பலகையைத்தான் இதற்குப் பலியிடுகிறார்கள். ஒன்றை இழந்து பலவற்றைப் பிழைக்க வைக்கிற கணக்கு அது.

அதன் பிறகு கம்ப்யூட்டரில் கோலம் போடும் வேலை. ஆம், கோலம்தான். முதலில் புள்ளிகள், அதாவது சாமான்களின் கால்கள் நுழையும் துவாரங்கள். பிறகு புள்ளிக்குப் புள்ளி செல்லும் கோடுகள். ஒரு கோடு தவறினாலும் கோலம் கெட்டது. இதற்கு 'கைகேட்' என்ற இலவச மென்பொருள் உதவுகிறது. காமடோர் கம்பெனி ரிப்பேர்காரர்களுக்காக அச்சிட்ட சர்க்யூட் வரைபடங்கள் இன்றும் கிடைப்பது பெரிய பாக்கியம். போட்ட கோலத்தை அவற்றோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்கலாம். வேலைக்கு நடுவே வீட்டு வேலையும் உத்தியோகமும் இருப்பதால், இது மாதக் கணக்கில் இழுக்கும்.

கோலம் முடிந்ததும் கோப்பைத் தொழிற்சாலைக்கு அனுப்புகிறார்கள். கண்ணாடி நாரும் பிசினும் சேர்ந்த 1.6 மில்லிமீட்டர் கனப் பலகையில் செப்புக் கோடுகளை அமைத்து அங்கிருந்து வந்து சேரும். சாதாரணமாக ஐந்து பலகைக்குக் குறைந்து செய்து தரமாட்டார்கள். தனக்கு ஒன்று போக மிச்சம் நாலு, இதே வியாதியில் தவிக்கும் வேறு யாருக்காவது போகும். வடாம் பிழிந்தால் நாலு வீட்டுக்குக் கொடுப்பதில்லையா நாம்? பலர் கோலத்தையே ஊரறிய இலவசமாகக் கொடுத்துவிடுகிறார்கள்.

புதுப் பலகையில் ஒரு திருத்தமும் செய்வது வழக்கம். பற்றவைத்த பழைய பாட்டரிக்குப் பதில், எளிதில் கழற்றி மாற்றக்கூடிய நாணய பாட்டரிக்கு இடம் வைக்கிறார்கள். பட்ட பிறகு வந்த புத்தி!

கிரகப் பிரவேசம்

வீடு தயார். சகோதரிகளைக் குடியேற்ற வேண்டும். மின்தடையும் மின்தேக்கியும் கடையில் வாங்கலாம். ஆக்னஸையும் டெனிஸையும் பாலாவையும் கடையில் வாங்க முடியாது. அவர்களைப் பழைய பலகையிலிருந்துதான் அழைத்து வர வேண்டும். அதிலும் ஜாக்கிரதை தேவை. நைலான் புடைவையைக் களையும்போது 'சடசட' என்று ஒரு பொறி பறக்கிறதே, அந்தச் சின்னப் பொறி போதும், ஒரு சில்லின் ஆயுளை முடிக்க. கையில் பூமிக் கம்பி இணைத்த பட்டையைக் கட்டிக் கொண்டுதான் தொடுகிறார்கள்.

எல்லாம் பற்றவைத்தாயிற்று. 5 வோல்ட் கோடும் பூமிக் கோடும் எங்கும் ஒட்டிக் கொள்ளவில்லை என்று மீட்டர் சொல்லிவிட்டது. இனி ஸ்விச்சைப் போட வேண்டியதுதான்.

அமிகா தன் உடல்நிலையை வண்ணத்தால் சொல்லும். திரை சிவந்தால் அடிப்படை நிரல் இருக்கும் ரோம் சில்லில் கோளாறு. பச்சையானால் நினைவகத்தில் கோளாறு. எல்லாம் சரியென்றால் சாம்பல் நிறம் தோன்றி, வெளுத்து, பிறகு ஒரு சித்திரம் வரும். அமிகா 2000-ல் பழைய ரோம் இருந்தால் அந்தச் சித்திரம் என்ன தெரியுமா? நெகிழ் தட்டு ஒன்றை ஏந்திய ஒரு கை! "நான் விழித்துக் கொண்டேன். வேலை கொடு" என்று அது கேட்பது போல் இருக்கும். பல மாத உழைப்புக்கு அந்த ஒரு கைதான் பரிசு.

விழித்த பின்னும் சில வேளை மயக்கம் போடும். அப்போது கறுப்புக் கட்டத்தில், சிவப்பு ஓரம் மினுக்க, ஒரு வாசகம் தோன்றும். 'குரு மெடிடேஷன்', அதாவது குருவின் தியானம்! அமிகாவை உருவாக்கியவர்கள், யந்திரம் மக்கர் செய்து மனம் கலங்கும் போதெல்லாம், தங்கள் கம்பெனி தயாரித்த ஒரு விளையாட்டுப் பலகையின் மேல் ஆடாமல் அசையாமல் உட்காரப் பழகுவார்களாம். அந்த வேடிக்கையே இந்த வாசகமாயிற்று. பிற்காலப் பதிப்புகளில் குருவை நீக்கிவிட்டார்கள். பாவம்!

எதற்காக இந்தப் பாடு?

"இன்றைக்குக் கைக்கு அடங்கும் போனிலேயே எல்லாம் இருக்கிறதே, எதற்கு இந்தப் பாடு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கிராண்ட் ராபிட்ஸ் என்று ஓர் ஊர். அங்கே 19 பள்ளிக்கூடங்களின் வெப்பத்தையும் குளிர்ச்சியையும், 1980-களில் வாங்கிய ஒரே ஓர் அமிகா கவனித்து வந்தது. 2015-லும் கவனித்து வந்தது! அதற்கு நிரல் எழுதியவர் அந்தக் காலத்துப் பள்ளி மாணவர் ஒருவர். கோளாறு என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள் என்று அப்போது செய்தி வெளியாயிற்று. உதிரி பாகம் கிடைப்பது எவ்வளவு முக்கியம் என்று அந்தப் பள்ளிக்கூடங்களைக் கேட்டால் தெரியும்.

இன்னொன்று. அரங்கேற்றத்தன்று படம் போட்ட ஆண்டி வார்ஹால் 1987-ல் காலமானார். அவர் அமிகாவில் தீட்டிய வேறு சில படங்கள், பிட்ஸ்பர்க் நகரத்தில் அவர் பெயரால் அமைந்த மியூசியத்தில், நெகிழ் தட்டுகளுக்குள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தன. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து மாணவர் சங்கத்தினர் பெருமுயற்சி செய்து அவற்றை மீட்டார்கள். 2014-ல்தான் உலகம் அவற்றைப் பார்த்தது.

வார்ஹாலின் படத்தை மீட்க ஒரு பல்கலைக்கழகம் வந்தது. சாதாரணக் குடும்பம் ஒன்றின் பெட்டியில் கிடக்கும் தட்டை மீட்க யார் வருவார்கள்? அமிகா எழுதிய தட்டை மற்றக் கம்ப்யூட்டர்கள் சாதாரணமாகப் படிக்க மாட்டா. மகள் முதன்முதலில் வரைந்த படமோ, மறைந்துபோன தந்தை தட்டெழுதிய கடிதமோ அதில் இருந்தால், அதைத் திறக்க இயல்பான சாவி இன்னோர் அமிகாதான். அந்தச் சாவியைத்தான் இவர்கள் மேஜையில் உட்கார்ந்து அராவிக் கொண்டிருக்கிறார்கள்.

பலகை முழுதும் புதிதானால் அது பழைய அமிகாதானா என்று விவாதிப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. வீடு மாறினால் குடும்பம் மாறிவிடுகிறதா? ஆக்னஸ் முறை வைக்கிறாள், டெனிஸ் படம் போடுகிறாள், பாலா பாடுகிறாள். வேறென்ன வேண்டும்?

இதைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். உபயோகிக்காமல் வைத்திருக்கும் டார்ச், பேசும் பொம்மை, நின்றுபோன சுவர்க் கடிகாரம், பழைய ரேடியோ எல்லாவற்றையும் ஒரு முறை திறந்து பாட்டரியை எடுத்துவிடுங்கள். நாங்கள் எங்கள் வீட்டில் எடுத்துவிட்டோம். அம்மா பக்கத்தில் நின்று எண்ணிப் பார்த்தாள். மொத்தம் பதினொன்று. அதில் இரண்டு ஏற்கெனவே பூக்கத் தொடங்கியிருந்தன.