நின்ற ஆய்வும் திரும்பும் வழியும்

பெரிய காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும். தொட்டிலில் பிள்ளை தூங்கும் நேரம் அம்மா தாரில் நூல் சுற்றுவாள். அழுதால் எழுந்து தூக்குவாள். தூங்கியதும் விட்ட இடத்தில் உட்காருவாள். வேதியியல் படித்து முனைவர் பட்டம் வாங்கிய மகளுக்கு அந்த வசதி வாய்ப்பதில்லை. அவளுடைய ஆய்வுக்கூடம் பெரும்பாலும் சென்னையில். ரயிலிலும் பஸ்ஸிலும் பாதி நாள் போய்விடும்.

முன்பெல்லாம் கல்யாணம், பிரசவம் என்று நாலைந்து வருடம் போனால் ஆய்வும் போனதுதான். 1961-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த பேறுகால விடுப்பு 12 வாரம். அதுவும் வேலையில் இருப்பவருக்கே. திரும்பி மனுப் போட்டால் வயது வரம்பு மறிக்கும். கடைசிக் கட்டுரை எந்த வருடம் என்பார்கள். பட்டம் பீரோவுக்குள் போகும், படித்த வேதியியல் டியூஷனோடு நிற்கும்.

2002-03-இல் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை, இடையில் ஆய்வை விட்ட பெண்களுக்கென்றே ‘பெண் விஞ்ஞானிகள் திட்டம்’ தொடங்கியது. பின்னாளில் 57 வயது வரை விண்ணப்பிக்கலாம் என்றானது. மூன்று வருட ஆய்வுக்கு உதவித்தொகை; ஏற்றுக்கொள்ளும் நிறுவனம் இருந்தால் சொந்த ஊர்ப் பக்கமே செய்ய முடிந்தது. அதன் இன்னொரு கிளை அறிவுசார் சொத்துரிமைப் பணியில் ஒரு வருடப் பயிற்சி தந்தது. 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற பட்டின் ஊருக்கு அந்தப் பணியின் அருமை தெரியும். 2011-இல் உயிரித் தொழில்நுட்பத் துறையும் பெண் விஞ்ஞானிகளுக்கான ‘பயோகேர்’ திட்டத்தைக் கொண்டுவந்தது. 2016-இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆய்வு மாணவிகளுக்கு 240 நாள் பேறுகால விடுப்பு அனுமதித்தது. 2017-இல் சட்டத்தின் 12 வாரம் 26 ஆனது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகமும் கட்டாயமானது.

இவ்வளவும் பெரிய மாற்றம்தான். ஆனால் மூன்று வருட உதவித்தொகை முடிந்ததும் அந்தப் பெண் எங்கே போவாள்? நிரந்தரப் பணிக்கான பல தேர்வுகளில் மறுபடி வயதைத்தான் எண்ணுகிறார்கள். ஐரோப்பிய ஆய்வு மன்றம் தாய்மாருக்குக் குழந்தை ஒன்றுக்கு 18 மாதம் தகுதிக் காலத்தை நீட்டித் தருகிறது. நம் பல்கலைக்கழகங்களும் அப்படி எண்ணட்டும்: பிறந்த வருடத்தை விட்டுவிட்டு, ஆய்வில் இருந்த வருடங்களை மட்டும். உதவித்தொகை அவளைத் திரும்ப அழைத்து வந்தது. அவளை நிற்கவைக்க வேலை வேண்டும்.