ஒளிரும் பல்பை உடைத்தும் துணி ஏன் பற்றவில்லை?

1881 டிசம்பர் 28. லண்டன் சவாய் தியேட்டர் மேடை. உரிமையாளர் ரிச்சர்ட் டாய்லி கார்ட், ஒளிர்ந்துகொண்டிருந்த பல்பை எளிதில் பற்றக்கூடிய மஸ்லின் துணியால் சுற்றி, உடைத்தார். விளக்கு அணைந்தது. துணி கருகக்கூட இல்லை!

எப்படி?

ஜோசப் ஸ்வான் உருவாக்கிய அந்த பல்புக்குள் இருந்தது மெல்லிய கரி இழை. மின்சாரம் பாய்ந்தால் அது சூடேறி ஒளிரும். கரிதானே, எரிந்து போகாதா? அடுப்புக் கங்கைப் பானையில் போட்டு மூடிவிடுங்கள், கரியாகவே மிஞ்சும். வெளியே விட்டால் சாம்பல்தான். பல்பும் மூடிய பானைதான். அதற்குள் காற்றே இல்லை.

கண்ணாடி உடைந்ததும் காற்று பாய்கிறது. இழை நொடியில் எரிந்து அறுகிறது; மின்சாரமும் நிற்கிறது. அத்தனை மெல்லிய இழையில் துணியைப் பற்றவைக்கும் அளவுக்கு வெப்பம் மிஞ்சுவதில்லை.

இதை ஏன் மேடையேறிக் காட்ட வேண்டும்? அதுவரை மேடைக்கு வெளிச்சம் தந்தவை திறந்த கேஸ் சுடர்கள். 1862இல் பாரிஸ் நடனக் கலைஞர் எம்மா லிவ்ரியின் பாவாடை ஒத்திகையில் பற்றிக்கொண்டது. எட்டு மாதம் துடித்து இறந்தார், பாவம்.

பயம் விலகியதும் கற்பனை பிறந்தது. 1882இல் சவாயில் அரங்கேறிய ‘அயோலாந்தே’ இசைநாடகத்தில், தேவதைகள் தலையில் பேட்டரியால் எரியும் குட்டி பல்புகள் மின்னின.